கேரியர் போர்டில் யுஎஸ்பி போர்ட்: டேட்டா டிராக்குக்கு முன்னால் ஐந்து வோல்ட்டைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்கும் இயந்திரத்துக்காக, ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 என்ற சின்னக் கணினியை வைத்து, அதைச் சுமக்கும் கேரியர் போர்டைச் சொந்தமாகச் செய்திருக்கிறார்கள். ஒரு யுஎஸ்பியை நான்காகப் பிரிக்கும் யுஎஸ்பி2514பி ஹப் சிப் ஒன்று, டைப்-ஏ போர்ட் நான்கு: கேமரா, 4ஜி டாங்கிள், லேபிள் பிரிண்டர், பென்டிரைவ் செருக ஒன்று. மேசையில் நன்றாக ஓடுகிறது. ஆலையில் பென்டிரைவைச் செருகினால் கேமரா விழுந்துவிடுகிறது, அதாவது அதன் இணைப்பு அறுந்துவிடுகிறது. கன்வேயர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதும் சில சமயம் அப்படியே. "டி பிளஸ், டி மைனஸ் டிராக்கை 90 ஓமுக்குச் சரியாகப் போட்டோம், நீளமும் மேட்ச் செய்தோம், அப்புறம் ஏன்?" என்று கேட்கிறார்கள். அடுத்த வெர்ஷனில் டைப்-சி போடலாமா என்பது இரண்டாவது கேள்வி.

உங்கள் சர்க்யூட் படத்தைப் பார்த்தேன். நேராகவே சொல்கிறேன்: நீங்கள் அதிகம் உழைத்த இடத்தில் பிரச்சினை இல்லை. டேட்டா ஜோடிக்குக் காட்டிய அக்கறையில் பாதியை 5 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் காட்டியிருந்தால் கேமரா விழுந்திருக்காது. கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் என்னிடம் வருகிற யுஎஸ்பி புகார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இம்பீடன்ஸ் (டிராக் சிக்னலுக்குக் காட்டும் தடை, அந்த 90 ஓம்) பற்றிப் பேச எல்லோரும் இருக்கிறார்கள். விபஸ் (யுஎஸ்பி போர்ட்டின் 5 வோல்ட் லைன்) பற்றிப் பேச ஆள் குறைவு.

முதலில் படத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வோம். 24 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்கும் 3 ஆம்பியர் பக் கன்வெர்ட்டர். அதே 5 வோல்ட்தான் மாட்யூலுக்கும் போகிறது. அதிலிருந்து ஒவ்வொரு போர்ட்டுக்கும் 500 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ் (கரண்ட் கூடினால் அறுத்து, ஆறியதும் தானாகச் சேரும் ஃபியூஸ்), அதன் பின்னால் 22 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று. அவ்வளவுதான்.

பென்டிரைவைச் செருகும் கணத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி விதிப்படி ஒரு டிவைஸ் தன் விபஸ் காலில் 10 மைக்ரோஃபாரட் வரை வைத்துக்கொள்ளலாம். செருகும்போது அது காலியாக இருக்கும். உங்கள் 22 மைக்ரோஃபாரட்டில் இருக்கிற சார்ஜ் இரண்டுக்குமாகப் பங்கு போகும்: 5 × 22 ÷ 32, அதாவது 3.4 வோல்ட். நிஜத்தில் இன்னும் மோசம். 6.3 வோல்ட் ரேட்டிங் உள்ள சின்ன செராமிக் கெப்பாசிட்டரில் 5 வோல்ட் ஏற்றினால் அதன் மதிப்பு பல சமயம் பாதிக்கும் கீழே போய்விடும். 22 என்று வாங்கியது 10 ஆக வேலை செய்தால் போர்ட் வோல்டேஜ் ஒரு கணம் 2.5 வோல்ட்டுக்கு இறங்கும். அந்தப் பள்ளத்தை நிரப்ப மெயின் 5 வோல்ட் லைனிலிருந்து பாலிஃபியூஸ் வழியாகக் கரண்ட் பாயும். பக் கன்வெர்ட்டர் சுதாரிப்பதற்குள் மெயின் லைனும் தாழும். பக்கத்து போர்ட்டில் இருக்கிற கேமரா அதைப் பார்த்து ரீசெட் ஆகிவிடும்.

இதைத் தடுக்கத்தான் யுஎஸ்பி 2.0 விதியில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒரு போர்ட்டில் எதையாவது செருகினால் பக்கத்து போர்ட்டில் வோல்டேஜ் 330 மில்லிவோல்ட்டுக்கு மேல் தாழக் கூடாது. அதற்காக ஹப்பின் டவுன்ஸ்ட்ரீம் பக்கத்தில் குறைந்தது 120 மைக்ரோஃபாரட், குறைந்த உள்தடையோடு, இருக்க வேண்டும். ஹப்புக்கு 120 என்பது விதி. நான் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 150 மைக்ரோஃபாரட் பாலிமர் கெப்பாசிட்டர் ஒன்று போடுவேன். மேலே போட்ட கணக்கை 150க்குப் போட்டுப் பாருங்கள்: 5 × 150 ÷ 160, கிட்டத்தட்ட 4.69 வோல்ட். செருகிய அந்த போர்ட்டிலேயே சரிவு 0.31 வோல்ட்தான். பக்கத்து போர்ட்டுக்கு அது தெரியவே தெரியாது. பக்கத்தில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் இருக்கட்டும். வேகமான மின் இரைச்சலை அடக்க அது.

அடுத்து பாலிஃபியூஸ். இதை எடுத்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பாலிஃபியூஸ் சூடாகித்தான் அறுக்கும். சூடாக நேரம் பிடிக்கும். டிரிப் ஆகும் கரண்ட், அறுக்காமல் தாங்கும் ஹோல்ட் கரண்டைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுவில் 800 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருந்தால் அறுக்குமா அறுக்காதா என்று யாராலும் சொல்ல முடியாது. முழு ஷார்ட் ஆனால் பாலிஃபியூஸ் விழித்துக்கொள்வதற்குள் பக் கன்வெர்ட்டர் கரண்ட் லிமிட்டுக்குப் போய், மாட்யூலே ரீபூட் ஆகும். இன்னொரு பக்கம், ரேட்டிங் எல்லாம் அறை வெப்பத்தில் கொடுத்தது. மே மாதம் பண்ருட்டியில் தகரக் கூரைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் 60 டிகிரி சாதாரணம். அந்த வெப்பத்தில் 500 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தாங்கும். ஒழுங்காக 400 மில்லி ஆம்பியர் எடுக்கிற கேமராவையே அது கழற்றிவிடலாம். காலையில் ஓடியது மதியம் நின்றுபோகும் கேஸ் பலவற்றில் காரணம் இதுதான்.

அதற்குப் பதில் போர்ட்டுக்கு ஒரு யுஎஸ்பி பவர் சுவிட்ச் சிப் போடுங்கள். டிபிஎஸ்2051 போன்றவை; ஐந்து கால் சின்னப் பொதியில் பல கம்பெனிகளின் சிப் கிடைக்கிறது. விலை வித்தியாசம் பெரிதில்லை. அது செய்யும் வேலையைப் பாருங்கள். ஷார்ட் ஆனால் மைக்ரோ விநாடிகளில் கரண்டைக் கட்டுப்படுத்தும். ஆன் செய்யும்போது மெதுவாகத் திறக்கும், அதனால் 150 மைக்ரோஃபாரட் சார்ஜ் ஆவது மெயின் லைனுக்கு உறைக்காது. அரை ஆம்பியரில் அந்தக் கெப்பாசிட்டர் நிரம்ப 1.5 மில்லி விநாடி ஆகும். இந்த நேரத்தை ஓவர்கரண்ட் என்று தவறாகச் சொல்லாமல் இருக்க, ஃபால்ட் காலில் சில மில்லி விநாடி தாமதம் உள்ளுக்குள்ளேயே இருக்கிற சிப்பாகத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டிபிஎஸ்2041, டிபிஎஸ்2051 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, காலமைப்பும் ஒன்றே. ஒன்றுக்கு எனேபிள் (சுவிட்சைத் திறக்கும் கால்) லோ-வில் ஆன், மற்றதற்கு ஹை-யில் ஆன். சென்னை ரிச்சி தெருவில் "அதே ஐசிதான் சார்" என்று மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். எடுத்து வந்ததும் மேலே அச்சடித்த எழுத்தை டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சால்டரிங்குக்கு அனுப்ப வேண்டும்.

சுவிட்சின் எனேபிளை 5 வோல்ட்டில் நிரந்தரமாகக் கட்டிவிடாதீர்கள். உங்கள் ஹப் சிப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாகப் பவர் கால், ஓவர்கரண்ட் கால் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் சுவிட்சோடு இணையுங்கள். ஃபால்ட் கால் ஓப்பன் டிரெயின், கீழே மட்டும்தான் இழுக்கும். அதை மேலே இழுக்கும் புல்-அப் ரெசிஸ்டர் ஹப்புக்குள்ளேயே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம். இந்தச் சில டிராக்குகளின் அருமை பின்னால் தெரியும். 4ஜி டாங்கிள் ராத்திரி இரண்டு மணிக்குத் தொங்கிவிட்டால், யுஹப்சிடிஎல் என்ற சின்ன லினக்ஸ் கருவியால் அந்த ஒரு போர்ட்டின் மின்சாரத்தை மட்டும் நிறுத்தித் திரும்பக் கொடுக்கலாம். யாரும் பண்ருட்டி வரை பைக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

கரண்ட் லிமிட்டை எல்லா போர்ட்டுக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டாம். கேமராவுக்கும் பென்டிரைவுக்கும் 500 மில்லி ஆம்பியர் வகை போதும். 4ஜி டாங்கிள் சிக்னல் குறைந்த இடத்தில் ஓங்கி ஒலிபரப்பும். அப்போது உச்சம் ஒரு ஆம்பியரைத் தொடலாம். அதற்கு ரெசிஸ்டரால் லிமிட் வைக்கிற சுவிட்ச் போட்டு 1.2 ஆம்பியர் அளவில் நிறுத்துங்கள். இப்போது மொத்தக் கணக்கு: போர்ட்டுகளுக்கு 2.5 ஆம்பியருக்கு மேல், மாட்யூல் முழு வேலையில் ஒரு ஆம்பியருக்கு மேல். 3 ஆம்பியர் பக் கன்வெர்ட்டர் பற்றாது. 5 ஆம்பியருக்குப் போங்கள். முடிந்தால் மாட்யூலுக்கு ஒன்று, போர்ட்டுகளுக்கு ஒன்று என்று இரண்டு தனிக் கன்வெர்ட்டர்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான்.

கேபிளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மெலிந்த யுஎஸ்பி கேபிளில் மின்கம்பி 28 கேஜ் இருக்கும், மீட்டருக்கு 0.21 ஓம். போக, வர இரண்டும் சேர்ந்து 0.42. டாங்கிளை ஆண்டெனாவுக்காக ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷனில் வெளியே வைத்திருக்கிறீர்கள். ஒரு ஆம்பியரில் கேபிளிலேயே 0.4 வோல்ட் போய்விடும். போர்ட்டில் 4.75 இருந்தாலும் டாங்கிளுக்குப் போய்ச் சேருவது 4.3 தான். பக் கன்வெர்ட்டரை 5.1 வோல்ட்டுக்கு வையுங்கள், 24 கேஜ் மின்கம்பி உள்ள கேபிள் வாங்குங்கள்.

லேபிள் பிரிண்டரில் வேறு ஒரு சங்கதி. அதற்குத் தனி அடாப்டர் இருக்கிறது. சில பிரிண்டர்களும் பவர்டு ஹப்புகளும் யுஎஸ்பி கேபிள் வழியாக 5 வோல்ட்டைத் திருப்பி உங்கள் போர்டுக்குள் தள்ளும். இயந்திரத்தின் மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் போர்டில் ஒரு எல்இடி மங்கலாக எரிகிறதென்றால் இதுதான். பாதி உயிரோடு இருக்கிற மாட்யூல் அடுத்த முறை ஒழுங்காக பூட் ஆகாது. ரிவர்ஸ் கரண்டைத் தடுக்கிற பவர் சுவிட்ச் என்று டேட்டாஷீட்டில் தெளிவாக எழுதியிருப்பதையே வாங்குங்கள். எல்லாச் சிப்பும் தடுப்பதில்லை.

சரி, மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது விழுவது? இங்கே கர்னல் லாக் (லினக்ஸ் தானே எழுதிவைக்கும் பதிவு) உதவும். நீங்கள் அனுப்பிய லாக்கில் இரண்டு விதமான வரிகள் இருக்கின்றன. பென்டிரைவ் செருகிய நேரத்தில் கேமரா நேரடியாக டிஸ்கனெக்ட் ஆகி, புது எண்ணோடு திரும்ப வருகிறது. மின்சாரம் தாழ்ந்ததன் அடையாளம். மோட்டார் நேரத்தில் மட்டும் "டிசேபிள்ட் பை ஹப் (ஈஎம்ஐ?), ரீ-எனேபிளிங்" என்று வருகிறது, தொடர்ந்து மைனஸ் 71 எரர். 71 என்றால் புரோட்டோகால் பிழை: மின்சாரம் இருக்கிறது, பேச்சுதான் குழம்பியிருக்கிறது. கர்னலே மின்காந்தக் குறுக்கீடாக இருக்குமோ என்று கேட்கிறது. அதன் சந்தேகம் சரி.

படத்தில் இல்லாதது ஒன்று உங்கள் புகைப்படத்தில் இருக்கிறது. கேமராவின் உலோக உடல் நேரடியாக இயந்திரச் சட்டத்தில் திருகப்பட்டிருக்கிறது. 24 வோல்ட் சப்ளையின் மைனஸ் பேனலில் அதே சட்டத்தோடு எர்த் ஆகியிருக்கிறது. மோட்டாரின் வேகத்தை மாற்றி ஓட்டும் விஎஃப்டி டிரைவின் இரைச்சல் கரண்ட் சட்டத்தில் ஓடுகிறது. அதற்கு இப்போது இரண்டு வழி: ஒன்று சட்டம், இன்னொன்று கேமரா உடல், கேபிள் ஷீல்டு, கனெக்டர் கூடு, உங்கள் போர்டின் கிரவுண்ட், 24 வோல்ட் மைனஸ். உங்கள் போர்டில் யுஎஸ்பி கனெக்டர்கள் ஒரு முனையிலும் 24 வோல்ட் டெர்மினல் எதிர் முனையிலும் இருப்பதால், அந்தக் கரண்ட் போர்டின் குறுக்கே, ஹப்புக்கும் மாட்யூலுக்கும் அடியிலேயே கடந்து போகிறது.

உடனே செய்ய முடிந்தது: கேமராவை நைலான் ஸ்பேசரும் நைலான் வாஷரும் போட்டுச் சட்டத்திலிருந்து பிரித்துவிடுங்கள். சில ரூபாய் செலவு; மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால் இதை முயற்சி செய்யுங்கள். கேமரா கேபிளை மோட்டார் வயர் போகும் டக்டிலிருந்து வெளியே எடுங்கள். அடுத்த போர்டில், வெளியே போகும் கேபிள்கள் எல்லாம், 24 வோல்ட் உட்பட, ஒரே ஓரத்தில் வரட்டும். அப்போது ஒரு கேபிளில் வந்த இரைச்சல் அந்த ஓரத்தோடே மற்றதில் வெளியேறிவிடும், போர்டின் நடுவில் நுழையாது. கனெக்டர் கூடுகள் உலோகப் பெட்டியின் சுவரை நன்றாகத் தொட வேண்டும். பெட்டியிலிருந்து சட்டத்துக்குக் குட்டையான, பட்டையான செப்புப் பின்னல் ஒன்று.

ஐசொலேட்டர் (மின் தொடர்பைத் துண்டித்து டேட்டாவை மட்டும் கடத்தும் சிப்) போடலாமா என்றும் கேட்டீர்கள். ஏடியுஎம்4160 போன்ற பழகிய சிப் 12 மெகாபிட் வரைதான் போகும். பிரிண்டருக்கு அது போதும், கேமராவுக்கு ஆகாது. 480 மெகாபிட் ஐசொலேட்டர்கள் இப்போது வந்துவிட்டன, ஆனால் விலை அதிகம். நைலான் வாஷர் தீர்க்கிற பிரச்சினைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஈஎஸ்டி (நிலைமின் பொறி) விஷயத்தில் நீங்கள் யுஎஸ்பிஎல்சி6-2 பாதுகாப்பு டயோடு போட்டிருப்பது நல்ல தேர்வு. 3.5 பிக்கோஃபாரட்டுக்குள் இருப்பதால் 480 மெகாபிட்டுக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் அதை ஹப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். கன்வேயர் பெல்ட் ஓட ஓட நிலைமின் ஏறிக்கொண்டே இருக்கிற இடம் அது. பென்டிரைவோடு வருகிற கையிலிருந்து பொறி பாயத்தான் செய்யும். 8 கிலோவோல்ட் நேரடித் தொடுகைச் சோதனையில் கரண்ட் ஒரு நானோ விநாடிக்குள் 30 ஆம்பியருக்கு ஏறும். பிசிபி டிராக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி. டயோடின் கிரவுண்ட் காலிலிருந்து வயா (லேயர்களை இணைக்கும் துளை) வரை 5 மில்லிமீட்டர் டிராக் ஓடவிட்டிருக்கிறீர்கள். 5 நானோஹென்றி, 30 ஆம்பியர், 0.8 நானோ விநாடி: அந்தத் துண்டு டிராக்கில் மட்டும் 190 வோல்ட்டுக்குக் கிட்டே எழும். டயோடு தன் வேலையைச் சரியாகச் செய்தாலும் அந்த 190 ஹப்பின் காலில் போய் நிற்கும். எனவே டயோடு கனெக்டரை ஒட்டி இருக்க வேண்டும், கிரவுண்ட் கால் பக்கத்திலேயே இரண்டு வயாவோடு நேராகக் கிரவுண்ட் பிளேனில் (முழுச் செப்புத் தளத்தில்) இறங்க வேண்டும். டேட்டா டிராக் டயோடின் பேட் வழியாகவே கடந்து போக வேண்டும், கிளை பிரித்துக் கொண்டுபோகக் கூடாது. டயோடின் விபஸ் காலை மெயின் 5 வோல்ட்டில் கொடுத்திருக்கிறீர்கள். பவர் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கிற போர்ட் விபஸில் கொடுங்கள்.

காமன் மோடு சோக் (இரு டிராக்கிலும் சேர்ந்து வரும் இரைச்சலைத் தடுக்கும் சுருள்) வேண்டுமா என்றால், இடம் மட்டும் விட்டுவையுங்கள். பேட் போட்டு முதலில் இரண்டு ஜீரோ ஓம் ரெசிஸ்டரால் மூடுங்கள். இரைச்சல் தொல்லை மிச்சம் இருந்தால் 100 மெகாஹெர்ட்ஸில் 90 ஓம் உள்ள சோக்கை அங்கே வைத்துப் பாருங்கள்.

டேட்டா ஜோடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நன்றாகவே செய்திருக்கிறீர்கள். ஒன்றிரண்டு மட்டும். 480 மெகாபிட்டில் ஒரு பிட்டின் நீளம் 2.08 நானோ விநாடி. எஃப்ஆர்4 போர்டில் ஒரு மில்லிமீட்டர் கடக்க 6, 7 பிக்கோ விநாடி. ஒரு மில்லிமீட்டர் நீள வித்தியாசம் பிட்டில் அரை சதவீதம்கூட இல்லை. அதைச் சரிக்கட்ட நீங்கள் போட்ட நெளிவுகள் தேவையே இல்லை. நேராக, குட்டையாகப் போடுங்கள். 90 ஓமுக்கு விதியே 15 சதவீதம் கூடக் குறைய இடம் தருகிறது. நாலு லேயர் போர்டில் ஃபேப் (போர்டு செய்யும் கம்பெனி) கொடுக்கும் லேயர் அமைப்பை வைத்து அகலத்தைக் கணக்கிட்டால் போதும். இரண்டு லேயர் போர்டில் மட்டும் ஹப்பை வைத்து இதை முயலாதீர்கள்.

உண்மையில் கெடுப்பது, ஜோடிக்குக் கீழே கிரவுண்ட் பிளேன் அறுந்திருப்பது. மூன்றாவது போர்ட்டின் ஜோடி, 3.3 வோல்ட்டுக்காக நீங்கள் வெட்டிய இடைவெளியைக் குறுக்கே தாண்டுகிறது. திரும்பி வரும் கரண்ட் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அந்தச் சுற்று ஒரு ஆண்டெனா. அதை முதலில் மூடுங்கள். லேயர் மாறும் இடத்தில் ஜோடியின் இரு பக்கமும் ஒவ்வொரு கிரவுண்ட் வயா வையுங்கள். பக் கன்வெர்ட்டரின் இண்டக்டருக்குக் கீழேயோ பக்கத்திலேயோ ஜோடியைக் கொண்டுபோகாதீர்கள். ஹப்பின் ஆர்பயாஸ் காலில் 12 கிலோ ஓம், ஒரு சதவீத ரெசிஸ்டர் இருக்க வேண்டும். ஐந்து சதவீதத்தைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். ஹப்புக்குள் இருக்கிற டிரைவரின் அளவு எல்லாம் அதை வைத்துத்தான்.

கம்ப்யூட் மாட்யூல் 4க்கே உரிய விஷயங்கள் சில. அதில் இருப்பது ஒரே ஒரு யுஎஸ்பி 2.0. மின்சாரம் மிச்சப்படுத்த அது இயல்பாகவே அணைந்திருக்கும். கான்ஃபிக் கோப்பில் டிடபிள்யூசி2 ஓவர்லேயை ஹோஸ்ட் மோடில் (மற்ற சாதனங்களை ஆளும் பக்கமாக) சேர்த்தால்தான் ஹப் கண்ணில் படும். ஈஎம்எம்சி (உள்சேமிப்புச் சிப்) உள்ள மாட்யூலில் மென்பொருள் ஏற்றவும் அதே ஜோடிதான் டிவைஸாக மாறி கணினியோடு பேச வேண்டும். உங்கள் போர்டில் அதற்கு வழியில்லை. மாட்யூலைக் கழற்றி வேறு போர்டில் மாட்டி ஏற்றுகிறீர்கள். எஃப்எஸ்யுஎஸ்பி42 போன்ற இருவழி சுவிட்ச் ஒன்று வைத்து, ஹப்புக்கு ஒரு வழி, புரோகிராமிங் போர்ட்டுக்கு ஒரு வழி என்று பிரித்துவிடுங்கள்.

எல்லாம் ஒரே குழாய் என்பதையும் மறக்க வேண்டாம். 480 மெகாபிட் என்றாலும் நடைமுறையில் மொத்தமாக 40 மெகாபைட்டுக்குள்தான். 1280க்கு 720 படம், பிக்சலுக்கு இரண்டு பைட், விநாடிக்கு 30: 55 மெகாபைட். போகாது. அதனால்தான் உங்கள் கேமரா எம்ஜேபெக் என்ற சுருக்கிய வடிவில் ஓடுகிறது. இரண்டாவது கேமரா சேர்த்தபோது "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று வந்ததாகச் சொன்னீர்கள், ஈஎம்எம்சியைக் காலி செய்து பார்த்தீர்கள். அது சேமிப்பிடம் பற்றியதே இல்லை. யுஎஸ்பியில் இரண்டாவது கேமராவுக்கு ஒதுக்க நேரம் மிச்சமில்லை என்பதைத்தான் கர்னல் அப்படிச் சொல்கிறது. இரண்டு கேமரா கட்டாயம் என்றால் ஒன்றை, யுஎஸ்பி இல்லாமல் மாட்யூலோடு நேராக இணையும் சிஎஸ்ஐ கேமராவாக மாற்றுங்கள், அல்லது யுஎஸ்பி 3 இரண்டு இருக்கிற கம்ப்யூட் மாட்யூல் 5க்குப் போங்கள். யுஎஸ்பி 3 என்றால் ஈஎஸ்டி டயோடு அரை பிக்கோஃபாரட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும், அனுப்பும் ஜோடியில் 100 நானோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர் வேண்டும், டேட்டா டிராக்கில் நீங்கள் காட்டிய கவனம் அங்கே உண்மையிலேயே பலன் தரும்.

நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பண்ருட்டி கொஞ்சம் உள்ளே இருக்கிறது. ஆனால் இதே போர்டைக் கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் ஐஸ் ஃபேக்டரிக்கும் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே உப்புக் காற்று, சிப்காட் பக்கம் போனால் ரசாயனக் காற்றும் சேரும். மெல்லிய தங்கப் பூச்சு உள்ள மலிவு கனெக்டரில் பூச்சின் நுண்துளை வழியாக அடி உலோகம் அரித்து, தொடுதடை ஏறும். அரை ஓம் ஏறினால் போதும், டாங்கிளுக்குப் போகும் ஒரு ஆம்பியரில் அரை வோல்ட் காணாமல் போகும். நீங்கள் உள்ளே செய்த அத்தனை விபஸ் கணக்கும் அந்த ஒரு தொடுகையில் வீணாகும். 30 மைக்ரோ இஞ்ச் தங்கப் பூச்சு என்று கேட்டு வாங்குங்கள். போர்டுக்குக் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் தடுக்கும் மேல்பூச்சு) அவசியம், ஆனால் அடிக்கும்போது கனெக்டர்களை டேப் போட்டு மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு துளி இறங்கினாலும் அந்த போர்ட் போச்சு. போர்ட் மேல்நோக்கி இருக்க வேண்டாம், பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இருக்கட்டும், பயன்படுத்தாத போர்ட்டுக்கு ரப்பர் மூடி.

டைப்-சி கேள்விக்கு வருகிறேன். புரோகிராமிங் போர்ட்டுக்கு டைப்-சி தாராளமாகப் போடுங்கள். அங்கே நீங்கள் டிவைஸ், எனவே எதிரில் என்ன இருக்கிறது என்று சொல்லும் சிசி1, சிசி2 இரண்டு காலிலும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4இன் முதல் வடிவத்தில் அப்படிச் செய்ததால், சிப் பதித்த சில கேபிள்களோடு அது பவரே எடுக்கவில்லை, பிறகு திருத்தினார்கள். ஆனால் கேமரா, டாங்கிள் போர்ட்டுகளுக்கு டைப்-ஏயே இருக்கட்டும். அங்கே நீங்கள் ஹோஸ்ட். டைப்-சியில் எதிரில் டிவைஸ் இருக்கிறது என்று சிசி கால் சொல்லும் வரை விபஸில் மின்சாரமே இருக்கக் கூடாது. அதற்கு டிபிஎஸ்25810 மாதிரி ஒரு கன்ட்ரோலர் போர்ட்டுக்கு ஒன்று வேண்டும். உங்கள் நான்கு சாதனங்களும் டைப்-ஏ கேபிளோடுதான் வருகின்றன. அதிர்கிற இயந்திரத்தில், போர்டில் துளையிட்டு சால்டர் செய்த டைப்-ஏ உறுதியாகவும் நிற்கும்.

புது போர்டு கைக்கு வந்ததும் ஆலைக்கு அனுப்பும் முன் மேசையிலேயே செய்ய வேண்டியவை. கண் வரைபடம் (சிக்னல் தரத்தைக் காட்டும் ஸ்கோப் படம்) பார்க்க விலை உயர்ந்த ஸ்கோப் வேண்டும், அது இல்லாமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை மரக் கிளை வடிவில் ஓடவிட்டு, கேமராவுக்கு நேராக 480 இருக்கிறதா 12 இருக்கிறதா பாருங்கள். ஒரு பழைய கேபிளை வெட்டி 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை விபஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மாட்டுங்கள். அரை ஆம்பியர் ஓடும். டாங்கிள் போர்ட்டுக்கு 5 ஓம், 10 வாட். எல்லா போர்ட்டிலும் ஒரே நேரத்தில் இப்படி ஏற்றி, கனெக்டர் காலிலேயே மீட்டரை வைத்து அளந்தால் 4.75க்குக் கீழே எதுவும் போகக் கூடாது. பெட்டியை மூடி, உள்ளே சூடேறிய பிறகும் ஒரு முறை அளக்க வேண்டும்.

இன்னொரு கேபிளை வெட்டி 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும், அதைக் காலியாக்க இணையாக ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரும் மாட்டுங்கள். சாதாரண 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பைக் கேமரா போர்ட்டின் விபஸில் வைத்து, 4.75க்குக் கீழே இறங்கினால் டிரிகர் ஆகும்படி அமைத்து, இந்தக் கேபிளைப் பக்கத்து போர்ட்டில் செருகி எடுங்கள், பல முறை. டிரிகர் ஆகவே கூடாது. அப்புறம் கேமரா படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்ற மூன்று போர்ட்டையும் ஒவ்வொன்றாக ஷார்ட் செய்யுங்கள். கேமராவில் ஒரு ஃபிரேம்கூட விழக் கூடாது, லாக்கில் அந்தந்த போர்ட் எண்ணோடு ஓவர்கரண்ட் வரி வர வேண்டும், ஷார்ட்டை எடுத்ததும் அந்த போர்ட் தானாகத் திரும்ப வர வேண்டும். மூன்றில் ஏதாவது ஒன்று தவறினாலும் லாக்கையும் அந்த போர்ட்டின் லேஅவுட்டையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.